ஓரத்தில் ஒரு ‘ஏன்?’

மேடம் சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தால் எங்கள் ஆபீஸில் பேச்சு நின்றுவிடும். ஃபேன் சுற்றுகிற சத்தமும் பிரிண்டர் கர்ர் கர்ரென்று இழுக்கிற சத்தமும்தான் கேட்கும். யாருடைய புரோகிராம் அவர் மேஜையில் கிடக்கிறது என்று ஆளாளுக்கு எட்டிப் பார்ப்பார்கள். தன்னுடையது இல்லை என்று தெரிந்தவன் மெதுவாக டீ குடிக்கக் கிளம்பிவிடுவான். தன்னுடையதுதான் என்று தெரிந்தவன் அங்கேயே உட்கார்ந்திருப்பான். அவனுக்கு வேறு வழி கிடையாது.

பிள்ளைகளா, இவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக நினைப்பு. நான் பிளஸ் டூ வரைக்கும்தான் படித்தவன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மற்றவர்கள் எழுதுகிற புரோகிராமை டைப் அடிப்பேன். முடிந்ததை ஃப்ளாப்பியில் ஏற்றிக் கஸ்டமர் இடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவேன். மேடம்தான் எங்களில் சீனியர். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் வருவார்.

கமென்ட் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புரோகிராம் என்பது கம்ப்யூட்டருக்கு நாம் கொடுக்கிற கட்டளை. ஆனால் நடுநடுவே கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத வரிகளையும் எழுதலாம். முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும், கம்ப்யூட்டர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். அது பின்னால் வந்து படிக்கப்போகிற மனுஷனுக்காக எழுதிவைப்பது. அதைத்தான் கமென்ட் என்பார்கள்.

மேடத்துக்கு அந்த நட்சத்திர வரிகள்தான் உயிர். ஒரு எழுத்தை மாற்றினாலும் பக்கத்தில் யார் மாற்றியது, ஏன் மாற்றியது என்று எழுதியாகவேண்டும். ‘ஏன்’தான் அவருக்கு முக்கியம். அது இல்லாத இடத்தில் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் தமிழிலேயே ‘ஏன்?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார். திட்டமாட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

பாஸ்கர் என்று ஒருவன் இருந்தான். இன்ஜினீயரிங் படித்தவன். எங்கள் எல்லோரையும்விட வேகமாக எழுதுவான், முதலாளிக்குச் செல்லம். ஒரு தடவை அவன் ஒரு வரிக்குப் பக்கத்தில் ‘எண்ணிக்கையில் ஒன்று கூட்டுகிறோம்’ என்று கமென்ட் போட்டிருந்தான். மேடம் அவனைக் கூப்பிட்டார்.

“கூட்டறேள்னு எனக்கே தெரியறது பாஸ்கர். ஏன் கூட்டறேள்?”

“கூட்டணும்னு தோணுச்சு மேடம், கூட்டினேன்.”

நாங்கள் சிரித்துவிட்டோம். மேடம் சிரிக்கவில்லை. வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பாஸ்கர் முகம் சிவந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “மச்சி, வீட்டுல சாம்பார்ல உப்பு போட்டாக்கூட இந்தம்மா ஏன்னு எழுதி ஒட்டுவாங்க பாரு” என்றான்.

அது கிட்டத்தட்ட நிஜம்தான். மேடம் லீவில் இருந்தபோது ஒரு பிரிண்ட் அவுட்டைக் கொடுக்க மந்தைவெளி வீட்டுக்குப் போனேன். அவருடைய மாமியார் காபி கொடுத்தார். சமையலறை அலமாரியில் ஒரு டப்பாமேல் காகிதம் ஒட்டியிருந்தது. ‘மூடியை முழுக்கத் திருகவேண்டாம். போனமுறை திறக்க வராமல் உடைக்க வேண்டியதாயிற்று.’ நான் பார்ப்பதை மாமியார் பார்த்துவிட்டார். “எங்காத்துல டப்பாக்குக்கூடக் காரணம் உண்டு, என்ன பண்றது சொல்லுங்கோ” என்றார். குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆபீஸில் ஒரு சுவிட்ச்மேல் ‘அணைக்காதே’ என்று யாரோ எப்போதோ எழுதிவைத்திருந்தார்கள். எல்லோரும் பயந்து அதைத் தொடவே மாட்டோம். மேடம் கீழே போய் விசாரித்துவிட்டு வந்து, அதன் அடியில் ‘அணைத்தால் பாத்திரக்கடை விளக்கும் அணையும்’ என்று எழுதினார். அதற்கப்புறம்தான் அந்த சுவிட்சைப் பார்த்து எங்களுக்கு இருந்த பயம் போனது.

லிஃப்ட் கதையும் இதே மாதிரிதான். ‘லிஃப்ட் வேலை செய்யவில்லை’ என்று கீழே ஒரு அட்டை தொங்கும். நாங்கள் எல்லோரும் மாதக்கணக்கில் மூன்று மாடி ஏறிக்கொண்டிருந்தோம். ஒருநாள் மேடம் பட்டனை அழுத்தினார். லிஃப்ட் வந்தது. ரிப்பேர் பண்ணினவர்கள் அட்டையைக் கழற்றாமல் போயிருக்கிறார்கள். அவர் அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு மேலே வந்து என் மேஜையில் போட்டார். “எழுதி வெச்சது பொய்யாப் போனா, எழுதாம இருக்கறதைவிட மோசம் குமார். எழுத்துன்னா நாம நம்பிடறோம்” என்றார்.

முதலாளிக்கு இதெல்லாம் பிடிக்காது. நல்ல மனுஷன்தான், ஆனால் எப்போதும் அவசரம். புரோகிராம் ஓடுகிறதா, கொடுத்துவிட்டு அடுத்ததைப் பார் என்பார். மேடத்திடம் நேராகச் சொல்ல அவருக்கும் தயக்கம். எங்களிடம் வந்து புலம்புவார். மேடமோ பஸ்ஸில் போகும்போதுகூடப் படிப்பதை விடமாட்டார். ஓரத்தில் ஓட்டை போட்ட நீளமான பிரிண்டர் காகிதம் மடிப்பு மடிப்பாக மடியில் இருக்கும், படிக்கப் படிக்க அவிழ்ந்து கீழே தவழும். கண்டக்டர் அதைத் தாண்டித் தாண்டிப் போவார். “அம்மா, உங்க காயிதத்துக்கும் ஒரு டிக்கெட் எடுங்க” என்று ஒருநாள் அவர் சொன்னதை நானே கேட்டேன்.

இப்போது அந்த மழைநாளைச் சொல்கிறேன்.

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்கு நாங்கள் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். ஒருவர் கொடுத்த ரத்தத்தை அப்படியே இன்னொருவருக்கு ஏற்றக்கூடாது. அதில் நோய் ஏதாவது இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் ஏற்றவேண்டும். எந்தெந்தப் பையைக் கொடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் போட்டுக் காட்டும். எழுதியவன் பாஸ்கர். அவன் செய்த ஏற்பாடு சுலபமானது: சோதனை முடியாத பையை உள்ளே பதியவே விடாமல் தடுத்துவிட்டான். பட்டியல் போடுகிற இடத்தில் மறுபடி பார்க்கவில்லை. பார்க்காததற்கு மேடம் கேட்கிற மாதிரியே காரணமும் எழுதியிருந்தான். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: ‘சோதனை முடியாத பை இங்கே வராது. பதியும்போதே தடுத்தாகிவிட்டது. அதனால் இங்கே பார்க்கத் தேவையில்லை.’

பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒன்று கேட்டார்கள். பை வந்த உடனே பதியவேண்டும், சோதனை முடிகிறவரை காத்திருந்தால் வேலை தேங்குகிறது என்றார்கள். நியாயமான பேச்சு. மேடமே நேரில் போய், பதிகிற இடத்தில் இருந்த தடுப்பை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்று பக்கத்தில் விவரமாக எழுதிவிட்டு வந்தார்.

அதற்குச் சில வாரம் கழித்து, ஐப்பசி மழை ராத்திரியிலிருந்து விடாமல் கொட்டின ஒரு நாள். பாதிப் பேர் ஆபீஸுக்கு வரவில்லை. வேறு ஏதோ வேலைக்காக மேடம் ரத்த வங்கி புரோகிராம் முழுவதையும் பிரிண்ட் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். பாஸ்கர் தன்னுடையது என்பதால் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். ஓரிடத்தில் பென்சில் நின்றது. வட்டம் போடவில்லை. மேலே போகவும் இல்லை.

பாஸ்கரால் பொறுக்க முடியவில்லை. “அதுல ஏன்னு எழுதியிருக்கேனே மேடம்” என்றான்.

“எழுதியிருக்கேள். சரியாத்தான் எழுதியிருக்கேள்.” அவர் குரல் வேறு யாருடைய குரல் மாதிரியோ இருந்தது. “நான்தான் அதைப் பொய்யாக்கிட்டேன்.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரோகிராமின் மேல்பகுதியில் தடுப்பை எடுத்தவர் கீழே பட்டியல் போடுகிற இடத்தைப் பார்க்கவில்லை. அதை நம்பி எழுதின வரி பல பக்கம் தள்ளி அப்படியே நின்றிருக்கிறது. சோதிக்காத ரத்தமும் இத்தனை வாரமாகக் ‘கொடுக்கலாம்’ பட்டியலில் வந்துகொண்டிருக்கிறது.

மேடம் போனை எடுத்தார். அடையாறு லைன் செத்திருந்தது. பாஸ்கர் திருப்பித் திருப்பிச் சுழற்றிப் பார்த்தான். முதலாளி அறையிலிருந்து வெளியே வந்து விஷயத்தைக் கேட்டார். மழை விட்டதும் புது ஃப்ளாப்பி கொடுத்து அனுப்பிவிடலாம், இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே, இன்றைக்கு மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்றார்.

“அதுவரைக்கும் அடையாறுல யாருக்கும் ரத்தம் தேவைப்படாதுன்னு நீங்க சொல்லுங்கோ சார். நான் உக்காந்துக்கறேன்.”

 முதலாளி உள்ளே போய்த் தன்னுடைய ரெயின்கோட்டைக் கொண்டுவந்து மேடத்தின் கையில் கொடுத்தார். திருத்துவதற்கு வேண்டிய ஃப்ளாப்பியை நான் பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆட்டோக்காரர்கள் யாரும் வருவதாக இல்லை. ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “அடையாறா? ரோட்டையே காணோம், இன்னா மேடம் நீ. படகு எட்தாந்தா நானும் வர்றேன்” என்றார். மேடம் கெஞ்சவில்லை. ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னார். அவர் பீடியைத் தூக்கி எறிந்துவிட்டு, “ஏறு” என்றார்.

ஆழ்வார்பேட்டையில் முழங்கால் தண்ணீர். வண்டி நின்றுபோனது. நான் இறங்கித் தள்ளினேன், மேடமும் இறங்கித் தள்ளினார். டிரைவர் இன்ஜினைத் துடைத்து மறுபடி கிளப்பினார். வழியெல்லாம் மேடம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார், எனக்கா தனக்கா என்று தெரியவில்லை: “சோதிக்காத பையெல்லாம் கீழ்த்தட்டுல தனியா வெச்சிருப்பா. பட்டியல்ல வந்தாலும் கை அங்கே போகாது. ஒண்ணும் ஆயிருக்காது.” மந்தைவெளியில் அவர் வீடு இருக்கிற தெருமுனையைத் தாண்டினோம். உள்ளே தண்ணீர் ஏறியிருந்தது, யாரோ பாயைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாலத்தின்மேல் போகும்போது ஆறு எந்தப் பக்கம் முடிகிறது என்றே தெரியவில்லை.

ரத்த வங்கியில் டெக்னீஷியன் எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். மேடம் ஈரம் சொட்டச் சொட்ட நின்றபடியே கேட்டார், கீழ்த்தட்டுப் பையெல்லாம் கீழ்த்தட்டில்தானே இருக்கிறது என்று.

“எங்க மேடம். காலையில கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்னுடுச்சு. எல்லாத்தையும் அள்ளி ஐஸ் பெட்டியில போட்டுட்டோம். இப்பதான் கரண்ட் வந்தது. நல்லவேளை, உங்க லிஸ்ட் இருக்கு. நம்பரைப் பாத்துதான் எடுத்துக் குடுத்தேன்.”

“குடுத்துட்டேளா?”

“பிரசவ வார்டுக்கு ஒண்ணு. இப்பதான் மேல போச்சு.”

மேடம் அந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்தார். சோதனை முடிவு என்று இருந்த இடம் காலியாக இருந்தது. லிஃப்டில் ‘பழுது’ என்று அட்டை மாட்டியிருந்தது. அந்த ஓட்டத்திலும் அவர் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அன்றைக்கு அட்டை சொன்னது உண்மை. படியேறி ஓடினோம்.

வார்டில் அந்தப் பை ஒரு துண்டின்மேல் கிடந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து வந்ததால் குளிர்ச்சி கொஞ்சம் அடங்கட்டும் என்று நர்ஸ் வைத்திருந்தார். ஸ்டாண்டில் மாட்டவேண்டியதுதான் பாக்கி. கட்டிலில் ஒரு பெண், உங்கள் அக்கா வயதுதான் இருக்கும், சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தாள். மேடம் நர்ஸிடம் சொல்லிவிட்டுப் பையைக் கையில் எடுத்தார். அந்தப் பெண்ணின் அம்மா பாய்ந்து வந்து வழி மறித்தார்.

“இன்னாம்மா நீ? காலைலருந்து ரத்தம் ரத்தம்னு எங்கள அலைய வுட்டீங்க. இப்ப வந்ததையும் தூக்கிக்கினு போறியே. எம்பொண்ணு கண்ணத் தொறக்கல, தெர்தா?”

“தெரியறது. இந்தப் பையை இன்னும் யாரும் சோதிக்கலை. அதே க்ரூப்ல வேற பை கொண்டுவரேன்.”

“நீ யாரு, டாக்டரா?”

“இல்லை. கம்ப்யூட்டர்ல எழுதறவ. தப்பு என்னோடது.”

அந்த அம்மா மேடத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். “அப்ப இவன் இங்கயே நிக்கட்டும். நீ போயி கொண்டா” என்றார். நான் ஃப்ளாப்பியை எடுத்து மேடத்திடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு இறங்கி ஓடினார்.

கீழே என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. மேலே நடந்ததைத்தான் சொல்ல முடியும். மேலே ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண்ணின் மூச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு மூச்சும் யோசித்து யோசித்து வருகிற மாதிரி இருந்தது. நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி நாடி பிடித்தார். பக்கத்துத் தொட்டிலில் குழந்தை அழுதது. சட்டையைப் பிடித்த கை விடவில்லை.  அந்தச் சமயத்தில் கீழே மேடம் ஒரு விசைப்பலகைமுன் உட்கார்ந்து, ஒரு வரியைச் சேர்த்து, அதை ஓட்டிப் பார்த்து, புதுப் பட்டியல் எடுத்து, டெக்னீஷியனோடு ஐஸ் பெட்டிகளைக் கொட்டி, சோதித்த பை ஒன்றின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். மழையில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. யாரும் போய்ச் சாத்தவில்லை.

டெக்னீஷியன்தான் முதலில் வந்தார், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பின்னால் மேடம். நர்ஸ் நம்பரை உரக்கப் படித்தார், மேடம் கையிலிருந்த பட்டியலைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். பை ஸ்டாண்டில் ஏறியது. குழாயில் சிவப்பு இறங்கியதும் அந்த அம்மா என் சட்டையை விட்டுவிட்டு, கசங்கின இடத்தைக் கையால் நீவிவிட்டார்.

அந்தப் பெண் பிழைத்தாளா என்று கேட்பீர்கள். பிழைத்தாள். மறுநாள் எழுந்து கஞ்சி குடித்தாள் என்று டெக்னீஷியன் சொன்னார்.

திரும்பும்போது பஸ் கிடைத்தது. மேடத்தின் மடியில் காகிதம் இல்லை. பென்சில் மட்டும் கையில் இருந்தது. மந்தைவெளியில் இறங்கித் தண்ணீருக்குள் நடந்து போனார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பையின் சோதனை முடிவு வந்தது. நல்ல ரத்தம்தான், எந்த நோயும் இல்லை. முதலாளி சந்தோஷத்தில் எல்லோருக்கும் பஜ்ஜி வரவழைத்தார். அதான் ஒண்ணும் ஆகலியே, இதோட விட்டுடலாம், இதைப் பத்தி எங்கயும் எழுதிவைக்க வேணாம், புரோகிராம் பிரிண்ட் அவுட் ஒரு காப்பி ஆஸ்பத்திரிக்கும் போகுதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மேடம் பஜ்ஜியைத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் திருத்தின புரோகிராமைப் பிரிண்ட் எடுத்து, மடித்து, பாஸ்கரின் மேஜையில் வைத்தார். அதன்மேல் சிவப்புப் பென்சிலை வைத்தார்.

“படிங்கோ.”

“நானா மேடம்?”

“நீங்கதான். நான் எழுதினதை நானே படிச்சா எனக்கு எல்லாம் சரியாத்தான் தெரியறது.”

பாஸ்கர் எங்களைப் பார்த்தான். அவன் வம்பு பண்ணுவான், பழசுக்கெல்லாம் சேர்த்துப் பழிவாங்குவான் என்று நான் நினைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தான். மேடம் அவன் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றார், நாங்கள் அவர் மேஜைக்குப் பக்கத்தில் நின்ற மாதிரி. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பட்டியல் போடுகிற இடம் வந்தது. அவனுடைய பழைய வரி போயிருந்தது. அந்த இடத்தில் மேடம் சேர்த்த வரியும், அதன்மேல் ஒரு கமென்ட்டும், அவருடைய முதலெழுத்தும் இருந்தன. ‘தடுப்பு சேர்க்கப்பட்டது.’ அவ்வளவுதான். அந்தப் பெண் மேலே கிடந்தபோது, அந்த அவசரத்தில் அதற்குமேல் எழுத வரவில்லை போலிருக்கிறது.

பாஸ்கர் பென்சிலைக் கையில் எடுத்தான். முதலாளியின் அறைக்கதவைப் பார்த்தான்.  பிறகு அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில், சின்னதாக, ‘ஏன்?’ என்று எழுதிக் காகிதத்தை அவர் பக்கம் திருப்பிவைத்தான்.

மேடம் அதைப் பார்த்தார். தலையை ஆட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நட்சத்திரம் போட்ட வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. பிரிண்டர் கர்ர் கர்ரென்று இழுத்து முடித்ததும் அதைக் கிழித்து, இந்த முறை எங்கள் எல்லோருக்கும் நடுவில் வைத்தார். எனக்கு அந்த வரிகள் இப்போதும் மனப்பாடம்.

‘பதியுமிடத்தில் இருந்த தடுப்பை எடுத்தவள் நான். அதை நம்பி இங்கே ஒருவர் சரியாக எழுதியிருந்ததை நான் வந்து பார்க்கவில்லை. சோதிக்காத ரத்தம் ஒரு பெண்ணின் கட்டில்வரை போனது. அதனால் இந்த வரி. இதை எடுக்க நினைப்பவர், முதலில் பிரசவ வார்டுக்குப் போய் ஒரு கட்டிலின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரவும்.’

கீழே முதலெழுத்து மட்டும் இல்லை. முழுப் பெயரும் போட்டிருந்தார்.

பாஸ்கர் கடைசி வரைக்கும் படித்தான். பென்சிலை அவரிடம் திருப்பி நீட்டினான். அவர் வாங்கவில்லை.

“உங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்கும் எழுதுவேன்” என்றார்.